செபோ விழுங்கிய எழுத்துகள்

உலகத்து எழுத்துகளிலேயே மூத்தது தன் வயிற்றில் இருக்கிறது என்று மோபீ செபோ அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. தென்சீன மலைகளில் வாழும் ஹானி சனங்களுக்கும் ஆதியில் எழுத்து இருந்தது. ஆற்றைக் கடக்கும்போது நனைந்துவிடுமே என்று அதை வாயில் கவ்விக்கொண்ட முன்னோர் ஒருவர், நடு ஆற்றில் விழுங்கித் தொலைத்தார். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி இறங்கி, செபோவின் இடது விலாவுக்குக் கீழே வந்து தங்கிவிட்டது. காதை வைத்தால் வயல் தண்ணீரில் தலைப்பிரட்டைகள் முட்டிக்கொள்வதுபோலக் கேட்கும். மழைக்காலத்தில் சத்தம் கொஞ்சம் அதிகம். ஊரில் சாவு விழுந்தால், செத்தவரிலிருந்து தொடங்கி ஆதித் தகப்பன்வரை பெயர் பெயராகச் சொல்லி அனுப்பிவைப்பது மோபீயான, அதாவது ஊர்ப் பூசாரியான, அவருடைய வேலை. ஹானி வீட்டில் தகப்பன் பெயர் முடியும் இடத்தில் மகன் பெயர் தொடங்கும்: தாலோவின் மகன் லோகோ, லோகோவின் மகன் கோஜே. அதைப் பிடித்தபடி ஏறினால் முன்னோர் ஊர் வந்துவிடும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் செத்தவர் பாதி வழியில் நிற்பார். செபோ ஒரு பெயரையும் விட்டதில்லை. இதையும் அவரேதான் அறிவித்தார்.

அரசாங்கம் ஹானி மொழிக்குப் புதிதாக எழுத்து செய்து கொடுத்த வருஷம், அதைச் சொல்லித்தர மிசே என்ற ஹானிப் பெண் லூச்சுன் நகரத்திலிருந்து மலையேறி வந்தாள். நெல் குத்தும் கொட்டகையில் வகுப்பு. செபோ வாசலில் நின்று தண்ணீர் ஊற்றிய மூங்கில்குழாயில் புகையிலைப் புகையை இழுத்தபடி வேடிக்கை பார்த்தார். சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து நிற்கிறது, குரல் ஏறணுமா இறங்கணுமா என்று காட்டுவதோடு சரி, வாய் திறப்பதில்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"சாப்பாடு போட்டு சும்மா நிக்க ஆள் வச்சிருக்கியா தாயி?"

"எருமை வாலு மட்டும் உழவா ஓட்டுது பெரியப்பா? ஈ மொய்க்கிற காலத்துல வெட்டிட்டு ஓட்டிப் பாருங்க."

கொட்டகையே சிரித்தது. செபோ அதை மறக்கவில்லை. ஆறாம் மாதத் திருவிழாவுக்கு மிசே ஒட்டரிசி மாவில் எழுத்தெழுத்தாகப் பிடித்து வாழையிலையில் பரப்பிவைத்தாள். பார்க்கவாவது வருவார்கள் என்று நினைப்பு. செபோ வந்து உட்கார்ந்தார். எல்லா எழுத்தையும் ஒன்றுவிடாமல் தின்று, மேலே அரிசிச் சாராயமும் குடித்து, "ஆச்சு, பள்ளிக்கூடம் மூடியாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

மறுநாள் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. உள்ளே பழைய எழுத்துக்கும் புது எழுத்துக்கும் இடத்தகராறு. நடுவில் மாட்டிக்கொண்டது குரல். இஞ்சி, தேன், கோழி ரத்தம் எதற்கும் அது மேலே வரவில்லை. அவர் குடிக்கூட்டாளி கோஜே தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்பத்தான் நீ பேசறதக் கேக்க நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறுப்பு முடியவும் கோஜே செத்துப்போனார்.

பெயர் சொல்ல ஆளில்லை. சொல்லாமலே தூக்கினார்கள். பாடை மேட்டு இடுகாட்டைப் பார்த்துப் புறப்பட்டு, மூடுபனிக்குள் நேராகவே நடந்து, கோஜேயின் வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்ந்தது. மறுபடி கிளம்பினார்கள், மறுபடி முற்றம்.

"குடிச்சிருந்தாலும் மனுஷன் இப்படித்தான் கரெக்டா வீடு வந்து சேருவாரு" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

கோஜேயின் மனைவி அன்யூ சிரிக்கவில்லை. செபோவின் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் போகவேண்டிய வழி உங்க வயித்துக்குள்ள கெடக்கு. என்ன செய்வீங்களோ தெரியாது. வெளிய எடுங்க."

செபோ பாடையை மறுபடி தூக்கச் சொல்லிச் சைகை செய்தார். பிறகு பாடைக்கு முன்னால் போய், ஊர் முடிந்து வயல் தொடங்கும் வரப்பில் குனிந்து, ஈரமண்ணில் விரலால் எழுதினார். கற்காமல் எப்படி எழுதினார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தின்றது எங்கே போகும்? கடைசியில் அந்தப் பேசாத எழுத்தும் ஒழுங்காக நின்றது. கூட்டத்தோடு வந்திருந்த மிசேயின் முகத்தைப் பார்க்காமல், படி என்று கையை மட்டும் காட்டினார்.

"கோஜே" என்று மிசே உரக்கப் படித்தாள். பாடை ஓர் ஆள் நீளம் முன்னால் போனது. "லோகோ." இன்னும் கொஞ்சம். "தாலோ." மூடுபனி வழிவிட்டது. அவர் வரப்பு வரப்பாகக் குனிந்து எழுத, அவள் படிக்க, ஊர் முழுக்கப் பின்னால் ஏறியது.

பாதிப் பெயர்கள் ஆனபோது செபோ இருமினார். கணீரென்ற பழைய குரலில் வந்த இருமல்; தூக்கியவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மிசே படிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "பெரியப்பா, குரல் வந்துடுச்சே. இனிமே நீங்களே சொல்லுங்க."

செபோ தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு விரல் மண்ணைச் சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு, குனிந்து, அடுத்த பெயரை எழுதினார்.