சட்டைப் பையில் போன காந்தம்

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் 'சந்தேகம்'. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மெக்கானிக். போன வாரம்வரை அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று, அந்த மனிதர் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸில் போடுகிற பல்சக்கரங்களின் கடினத்தைச் சோதிப்பது என் வேலை. வைர முனையை எஃகில் அழுத்தினால் இயந்திரம் ஒரு எண் காட்டும். அறுபது வந்தால் நல்ல எஃகு. அழுத்திய இடத்தில் தழும்பு விழும் என்பதால் பல்லில் வைக்க மாட்டோம், சக்கரத்தின் பக்கவாட்டில்தான் வைப்போம். பல்லுக்கு வேறு சோதனை உண்டு. அமிலத்தில் முக்கினால், சாணை பிடிக்கும்போது சூடேறி வலுவிழந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

அந்தச் சக்கரத்தை நான் முக்கவில்லை. அறுபத்தொன்று வந்திருந்தது. போதாததற்கு அது என் தம்பி ஓட்டுகிற ஹெலிகாப்டருக்கு. மலையிலிருந்து நோயாளிகளை ஏற்றி வருபவன் அவன். "அக்கா, சீக்கிரம் முடிச்சுக் குடேன்" என்று உயிரை எடுத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சக்கரத்தைப் பூட்டி, ஹெலிகாப்டரைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்ததும் சந்தேகம் அண்ணன் கியர்பாக்ஸின் அடியிலிருந்த காந்த மூடியைக் கழற்றினார். எண்ணெயில் வருகிற இரும்புத் துகளைப் பிடித்து வைக்கும் மூடி அது. மூன்று மினுங்கும் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"புது கியர்னா கொஞ்சம் தூள் வரத்தானே செய்யும்ணே?"

"தூள் இல்லம்மா, செதில். பல்லுலேருந்து உரிஞ்சிருக்கு."

"அறுபத்தொண்ணு வந்த இரும்பு உரியுமா? அப்ப என் மெஷின் பொய் சொல்லுதா?"

"நீ கேட்ட இடத்தப் பத்தி அது உண்மையத்தான் சொல்லிச்சு. கேக்காத இடம்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே மேலாளரிடம் போய் நின்றேன். அவர் "பறக்கட்டும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், சந்தேகம் அண்ணன் காந்த மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த அளவில் வேறு மூடி எங்களிடம் கிடையாது. அது இல்லாமல் ஹெலிகாப்டர் ஓர் அடிகூட எழும்பக் கூடாது.

பல்லைப் பார்க்காமல் மூடியைத் தர மாட்டேன் என்று அவர் நின்றதால், மறுநாள் வேறு வழியில்லாமல் கியர்பாக்ஸைப் பிரித்தோம். அவர் வாயை அடைக்கத்தான் சக்கரத்தை அமிலத்தில் முக்கினேன். ஒரு பல்லில் நகம் அளவு கறுப்பு. அதன் நடுவே செதில் உதிர்ந்த குழிகள். ஒரு குழியிலிருந்து பல்லின் அடிவரை மயிரிழை விரிசல்.

மேலாளரிடம் என் தவறைச் சொல்லிவிட்டு, சந்தேகம் அண்ணனிடம் போனேன். "அண்ணே, உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா. சட்டையெல்லாம் எண்ணெய். வீட்டுல எனக்கு செம டோஸ்."

அன்று சாப்பிட உட்கார்ந்த தம்பியிடம் நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் பொருமினான். "யாருக்கா அந்த ஆளு? ரெண்டு நாளா என்னத் தரையில உக்கார வச்சுட்டான்!"

அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"திட்டுடா, நல்லாத் திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கியே, அது அவராலதான்."