மூன்றாவது குரலுக்குப் பிறகு

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆண்டுக்கு ஒரு முறை பெருந்தீ மூட்டி வாணம் விடுவார்கள். அது எப்படி வந்த வழக்கம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். விசாரித்தேன். பெரிய கதை ஒன்றுமில்லை. சாரம் கட்டும் பலகைகளில் எண்ணெய் ஊறி, ஏறி நின்றால் வழுக்கும் என்று ஆனதும் மொத்தமாக அடுக்கிக் கொளுத்தினார்கள். கப்பல்களிலிருந்து இறக்கிய, ஆபத்தில் உதவி கேட்டு விடும், காலம் கடந்த அபாய வாணங்களை வீணாக்குவானேன் என்று எவனோ அன்றைக்கு மேலே விட்டான். கூட்டம் கைதட்டியது. ஒரு முறை கைதட்டு விழுந்துவிட்டால் அடுத்த ஆண்டு அது வழக்கம்.

ஒன்றுக்கு மட்டும் யாரும் சிரித்துக்கொண்டே காரணம் சொல்லவில்லை. தீ வைப்பவர் குவியலைச் சுற்றி வந்து மூன்று முறை கூப்பிட வேண்டும்: "உள்ளே யாரு?" மற்ற எல்லோரும் நாற்பது அடி தள்ளி, கயிற்றுக்குப் பின்னால், வாயை மூடி நிற்க வேண்டும். மோட்டார்களையும் நிறுத்திவிடுவார்கள். முன்பொரு குளிர்காலத்தில், காற்றுக்கு ஒதுங்கிய ஒருவன் பலகைகளுக்குள் படுத்து உறங்கிப்போனானாம். அச்சான துண்டறிக்கையில் 'நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான்' என்று இருக்கிறது. அந்த வரியை நான் எழுதவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'அந்தி வானம் செக்கச்செவேலென்று' (வேண்டாம். பட்டறையில் வானத்தைப் பார்த்து நடப்பவன் தலையில் ஏதாவது விழும்.)

இரண்டாம் முயற்சி: துருக்காரருக்குக் காது கேட்காது.

இது நிற்கும். முப்பது ஆண்டுகள் கப்பல் தொட்டிக்குள் உட்கார்ந்து சுத்தியலால் துரு தட்டியவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், சென்ற ஆண்டோடு முழுசாகப் போய்விட்டது. தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும். மற்றவர்களிடம் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவார். புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, காது கேட்காதவனைக் கிரேனுக்குக் கீழே நிறுத்த மாட்டேன் என்று போர்டே எழுதி மாட்டியிருந்தார். தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இந்த ஆண்டு தீ வைக்கும் முறை, பணியில் மூத்தவர் என்று, துருக்காரருக்கு வந்தது.

3

காலையில் மனைவி அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"முடியாதுன்னு சொல்லிடுங்க. மூட்டு வலின்னு சொல்லுங்க."

"முப்பது வருஷம் தட்டினவன் நான். நேத்து வந்தவன் வைக்கவா?"

"கூப்பிடறது பெருசில்ல. பதில் வந்தா? கேக்காத காதை வச்சுக்கிட்டு என்னத்தக் கேப்பீங்க?"

"உள்ள எவன்டி இருக்கப் போறான்?"

அவள் தம்பிக்குப் பட்டறையில் பூனை என்று பெயர். குழாயோ, கயிற்றுச் சுருளோ, கதகதப்பு கிடைத்த இடத்தில் சுருண்டுவிடுவான். மாமா மாமா என்று துருக்காரரோடு தொட்டிக்குள் எட்டு ஆண்டு வேலை செய்தவன். இன்றைக்குப் பலகை அடுக்கும் வேலை அவனுக்குத்தான்.

[இடைக்குறிப்பு: தொட்டிக்குள் பேச்சு எடுபடாது. தகட்டில் இரண்டு தட்டு தட்டினால் 'இருக்கியா'. ஒரு தட்டு, 'இருக்கேன்'. அதைக் காதால் அல்ல, தகட்டில் வைத்த உள்ளங்கையால் வாங்குவார்கள். நானும் இரண்டு பருவம் தட்டியிருக்கிறேன்.]

சாயங்காலம் துருக்காரர் சாமான் அறைக்குப் போனபோது பூனையின் கையுறைகள் பெட்டிமேல் இருந்தன. சாப்பாட்டுத் தூக்கு ஆணியில் தொங்கியது. வீட்டுக்குப் போக உடை மாற்ற அவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவன் எங்கே என்று ஸ்டோர்காரரிடம் கேட்டார். ஸ்டோர்காரர் பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, ஏதோ பதில் சொன்னார். தோள் குலுங்கியது. சிரித்திருக்கலாம்.

இன்னொரு முறை கேட்க முடியாது. வாசலில் அதிகாரி நின்றிருந்தார்.

ஸ்டோர்காரர் என்ன சொன்னார் என்று நான் எழுதிவிடலாம்தான். ஆனால் இந்த மனிதரின் தலைக்குள் இருந்தே கதை சொல்வதாகத் தொடங்கிவிட்டேன். அங்கே அந்தப் பதில் வந்து சேரவில்லை.

4

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

பந்தம் வைத்ததும், வாசல் பக்கமிருந்து பூனை கொட்டாவி விட்டபடி வருகிறான். கூட்டம் சிரிக்கிறது. (பொய். என்னோடு தட்டியவர்கள் படித்தால் உதைப்பார்கள்.)

பந்தம் வைத்ததும் அலறல். அது துருக்காரருக்குக் கேட்காது. எதிரே நிற்கும் முகங்களில்தான் அதைப் பார்ப்பார். மனைவியின் முகம் (இதற்கு மேல் எழுதவில்லை.)

பந்தத்தைத் தண்ணீர் வாளியில் போட்டு, எனக்குக் காது கேக்காதுங்க என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறார். நல்ல மனிதர். ஆனால் நான் பார்த்த மனிதர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வந்ததே இல்லை.

ஆகவே நடந்த வரைக்கும் சொல்கிறேன்.

5

மோட்டார்கள் நின்றன. காலடியில் தரை நடுங்குவது நின்றதால் அவருக்குத் தெரிந்தது. வாணக்காரர் திரியருகே குந்தி உட்கார்ந்தார். துருக்காரர் சுற்றி வந்து கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது குரல் உடைந்தது. அதுவும் அவருக்குத் தொண்டையில்தான் தெரிந்தது.

மற்றவர்கள் என்றால் இந்த இடத்தில் பந்தத்தை நீட்டியிருப்பார்கள். அவர் பந்தத்தை இடது கைக்கு மாற்றினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீளப் பலகையில், வலது கை விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையை அதன்மேல் பரப்பி வைத்தார்.

கயிற்றுக்குப் பின்னால் அதிகாரி கழுத்தை நீட்டினார். பார்த்துவிட்டார். காதுக்குப் பதில் கையால் கேட்பதைப் பார்த்துவிட்டார் என்று துருக்காரருக்கும் தெரியும். கையை எடுக்கவில்லை.

உள்ளங்கையில் ஏதோ ஒன்று வந்தது.

ஒரு தட்டா. அடுக்கு உட்கார்ந்த அசைவா. அவர் கையே நடுங்கியதா. எனக்கும் தெரியாது. நான் அந்தக் கைக்குள்தான் இருக்கிறேன்.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி உதடுகளைப் பார்த்தார். வழக்கம் தவறாமல் எல்லா வாயும் மூடியிருந்தது. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். இடது கையில் பந்தத்தின் தீ காம்பைப் பிடித்து விரலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் கயிற்றுக்குப் பின்னால், முதல் வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்குக் காது இருக்கிறது. அவர் இப்போது உங்கள் உதட்டைத்தான் பார்க்கிறார்.