தசரதன் ஓட்டிய காலேஜ் பஸ்

தண்டலம் பக்கத்தில் வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் அந்தப் பொறியியல் கல்லூரி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. 1991 பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தபோது வாசலில் புதிதாக ஒரு பலகை நின்றது. 'புகை, மது, போதை இல்லாத வளாகம்' என்று மஞ்சளில் நீல எழுத்து. பக்கத்திலேயே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேன் கோபால் நடந்து வருகிற மாணவர்களின் பைகளைத் திறந்து பார்த்தான். பிடிபடுகிறவனுக்கு அன்றைக்கே டி.சி. என்று பிரின்ஸிபால் தேவராஜன் மைக் வைத்துச் சொல்லியிருந்தார்.

கல்லூரி பஸ் வந்தால் மட்டும் கோபால் கேட்டை அகலத் திறந்து, டிரைவர் தசரதனுக்கு ஒரு சலாம் வைத்து உள்ளே விடுவான். பஸ்ஸை யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை.

தசரதனுக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் கல்லூரி வந்ததும் இந்த வேலைக்கு வந்தார். ராத்திரி பஸ் படப்பையில் ஒரு ரைஸ் மில் வளாகத்தில் நிற்கும். காலையில் அதைத் தாம்பரத்துக்குக் காலியாக ஓட்டிப்போய், அங்கிருந்து மாணவர்களை ஏற்றிக்கொண்டு படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் தண்டலம் போவார். ஒருநாளும் எதன்மேலும் இடித்ததில்லை. பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை வண்டியை உறுமவிட மாட்டார். 'நம்ம தசரதன் கையில் விட்டால் கவலையில்லை' என்று தேவராஜனே பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் பஸ்ஸை மில்லில் விட்டதும் அவர் நேராகச் சாராயக்கடைக்குப் போவார் என்பது ஊருக்குத் தெரியும். காலை நேரத்து விஷயம்தான் மனைவி காவேரியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் கை நடுங்கும். சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாது. மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்த பாட்டிலில் இருந்து அரை டம்ளர் உள்ளே போனால் நடுக்கம் நிற்கும். பிறகு வாயில் இரண்டு ஏலக்காய். அதைக் குடி என்று அவர் நினைக்கவில்லை, வேலைக்குப் போகிறவன் சாப்பிடுகிற மருந்து என்றே வைத்துக்கொண்டிருந்தார். காவேரி ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு கீரைக்கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே படப்பை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடப் பழகிக்கொண்டாள்.

மகன் ஜீவானந்தம் அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் மெக்கானிக்கல் படித்தான். ஊழியர் மகன் என்று கிடைத்த சீட். படப்பையில் ஏறி, நேராகக் கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வான். அப்பாவோடு பேச மாட்டான். ஓட்டிக்கொண்டே தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் மகனை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் தசரதன் கியர் மாற்றுவார். அது அவருக்கு ஒரு பெருமை.

பிப்ரவரியில் ஒருநாள், பிள்ளைகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு பஸ்ஸைப் பெருக்கும்போது, கடைசி வரிசை சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் ஏதோ செருகியிருந்தது. இழுத்தார். ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். யாரோ ஒரு பிள்ளை தலைவலிக்கு வாங்கியதை மறந்துவிட்டுப் போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். அட்டையின் மேல் எழுத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தார், புரியவில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் ஒரகடம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஜீவா செருப்பை எடுக்கக் குனிகிறவன் போலக் குனிந்து, கையை அந்த இடத்தில்தான் விட்டான்.

அதற்குமேல் அவர் யோசிக்க விரும்பவில்லை. அட்டைகளை ஸ்பானர் வைத்திருக்கும் டப்பாவில் போட்டு மூடினார். சாயங்காலம் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஒரகடம் தாண்டி வயல்வெளிக்கு நடுவில் வந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மோகனப்ரியா என்கிற பெண் அலறினாள்.

"அண்ணா, நிறுத்துங்க! ஹேமந்த் எழுந்திருக்க மாட்டேன்றான்!"

முதல் வருடப் பையன் ஹேமந்த், மேற்குத் தாம்பரத்தில் இறங்குகிறவன். நாளுக்கு ஒருமுறையாவது 'அண்ணா, ஹாரனை நான் ஒரு தடவை அடிக்கவா?' என்று கேட்பவன். இரண்டு சீட்டுக்கு நடுவில் சரிந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வந்தது, நீண்ட இடைவெளி விட்டு, அடைத்த குழாயில் தண்ணீர் வருவதுபோல. அவன் சட்டையில் சாராய வாடை அடித்தது. தசரதனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தலைய ஒருக்களிச்சு புடிங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. யாரும் எறங்க வேணாம்," என்று சொல்லிவிட்டு சீட்டுக்கு ஓடினார்.

படப்பையில் நிறுத்தவில்லை. எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் தாம்பரத்தைத் தாண்டி குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் கை நடுங்கியது. காலையில் ஊற்றியது எப்போதோ வடிந்துபோய், சாயங்காலத்துக் குடிக்கு உடம்பு ஏங்குகிற நேரம் அது. முடிச்சூர் திருப்பத்தில் எதிரே வந்த மாட்டுவண்டியை ஒரு முழ இடைவெளியில் தவிர்த்துத் திருப்பினார். பிள்ளைகள் கத்தினார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் கையை நினைத்து அவருக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா ஹேமந்தின் கண் இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"குடிச்சிருக்கான். அது மட்டும் இல்ல. வேற என்ன போட்டான்? மாத்திரையா? என்ன மாத்திரைன்னு தெரிஞ்சாதான் நான் மருந்து குடுக்க முடியும். யாருக்காவது தெரியுமா?"

கூட வந்த பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஜீவானந்தம் சுவரோரம் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

தசரதன் மகனை ஒரு நொடி பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு ஓடி டப்பாவைத் திறந்து, அட்டைகளைக் கொண்டுவந்து டாக்டரம்மா கையில் கொடுத்தார்.

"இதுவா பாருங்கம்மா. என் புள்ள சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

அவள் அட்டையைப் பார்த்ததும் உள்ளே திரும்பி நர்ஸிடம் வேகமாக ஏதோ சொன்னாள். கதவு மூடியது.

ஹேமந்தின் அம்மா வந்து சேர்ந்தபோது, பிழைத்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மூளைக்கு எவ்வளவு நேரம் காற்று போகாமல் இருந்தது என்று தெரியாது, போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். அந்த அம்மாள் தசரதனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என் புள்ள இல்ல," என்று அழுதாள். அவருக்கு அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஜீவா உட்கார்ந்திருந்தான். தசரதன் போய் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"இன்னாடா பண்ணி வச்சிகிற? இன்னா மாத்திரடா அது?"

"தூக்க மாத்திர. பரீட்சைக்கு முன்னாடி பயமா கீது, தூக்கம் வரலன்னு நான் போட ஆரம்பிச்சேன். அப்பால பசங்க கேட்டானுங்க, குடுத்தேன். இன்னிக்கி காலையில பஸ்ல வெச்சி ஹேமந்துக்கும் குடுத்தேன். ஹேமந்த் குடிச்சிட்டு போடுவான்னு எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

"காலேஜில பைய தொறந்து பாக்குறாங்களேடா! எப்புட்றா உள்ள எடுத்துகினு போன?"

ஜீவா நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் நீர் நின்றது.

"உன் பஸ்ஸத்தான் எவனும் பாக்க மாட்டானே. தெனம் காலையில நீ ஊத்திகினு வந்து ஒக்கார்ற. அத்தினி பேரையும் ஏத்திகினு போற. கேட்டுல உனக்கு சலாம் வெக்கிறான். அந்த பஸ்ல எது போனா இன்னா?"

தசரதனின் பிடி தளர்ந்தது. அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்று, நடுங்கியது. அப்பனும் மகனும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவர் கொட்டகைக் கூரைக்குக் கை நீட்டவில்லை. பஸ்ஸையும் எடுக்கவில்லை. மில்லில் சாவியை வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. பிரின்ஸிபால் அறையில் தேவராஜன் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"நேத்து நீங்க பண்ணினது பெரிய காரியம் தசரதன். ஆனா உங்க பையன் விஷயத்துல நான் ஒண்ணும் செய்ய முடியாது. விதின்னு வச்சுட்டோம். உங்களுக்காக மாத்தினா நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்க."

"மாத்தாதீங்க சார். அவன அனுப்பிடுங்க. ஆனா அந்த விதி எனக்கும் உண்டான்னு கேக்கத்தான் வந்தேன்."

தேவராஜன் புரியாமல் பார்த்தார்.

"தெனம் காலையில குடிச்சிட்டுத்தான் சார் நான் ஸ்டியரிங்க தொட்றேன். இத்தினி வருசமா. குடிக்கலன்னா கை நிக்காது. இதோ பாருங்க."

கையை நீட்டினார். விரல்களில் தொங்கிய சாவிக்கொத்து கிலுகிலுவென்று சத்தம் போட்டது. அவர் சாவியை மேஜைமேல் வைத்தார்.

தேவராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு வாடை வந்திருக்கு தசரதன். ஒரு தடவை இல்ல, பல தடவை. நல்லா ஓட்டறார், எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். பசங்க பையில தேடினேன். இதை நான் பாக்கல." குரல் அடங்கியிருந்தது. "பாத்தும் விட்டேன்."

அன்று மாலையே கமிட்டி கூடியது. ஜீவானந்தத்துக்கு டி.சி. கொடுக்க வேண்டும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அவனை வெளியே தள்ளினால் இன்னொரு கல்லூரி வாசலில் போய் நிற்பான், நோய் அப்படியேதான் இருக்கும் என்று தேவராஜன் வாதாடினார். முடிவில் ஒரு வருடம் நீக்கம், வைத்தியம் பார்த்து குணமானதாக டாக்டர் சான்று கொண்டுவந்தால் திரும்பச் சேரலாம் என்று தீர்மானமானது. தசரதன் இனி பஸ் ஓட்டக்கூடாது. குணமாகி வந்தால் மோட்டார் ரூமில் தண்ணீர் இறைக்கிற வேலை.

கீழ்ப்பாக்கம் பக்கத்தில் குடியையும் போதையையும் விட வைக்கிற ஒரு சிகிச்சை நிலையம் இருந்தது. காவேரி கீரைக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புருஷனையும் பிள்ளையையும் இரண்டு பக்கமும் நடத்திக்கொண்டு போய் அங்கே சேர்த்தாள். ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டில். அவள் யாரையும் திட்டவில்லை. திரும்பும்போது மட்டும், "ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்தாத்தான் கதவ தொறப்பேன். ஒருத்தர் மட்டும் வராதீங்க," என்றாள்.

மகனைவிட அப்பாவுக்குத்தான் அங்கே கஷ்டம் அதிகமாக இருந்தது. கட்டிலே ஆடும்படி நடுங்கினார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளைச் சுவர், எறும்பே இல்லை. ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் மார்பெல்லாம் கொட்டிக்கொண்டார். ஜீவா எழுந்து வந்து துண்டால் துடைத்துவிட்டு, ஸ்பூனை எடுத்து ஊட்டினான். கிண்ணம் காலியானபிறகு, "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்பு. டாக்டர் சீட்டு இல்லாமலே மாத்திர குடுப்பான். பிரின்ஸிபால்கிட்ட சொல்லிடலாமாப்பா?" என்று கேட்டான்.

"சொல்லு. நானும் கூட வர்றேன்," என்றார் தசரதன்.

அந்தக் கடையைப் போலீஸ் வந்து மூடியது. இரண்டு தெரு தள்ளி அதே ஆள் வேறு பெயரில் திறந்துகொண்டான். ஆனால் கல்லூரியில் ஒன்று மாறியது. பையைத் திறக்கும் மேஜைக்கு முன்னால், காலையில் முதலில் டிரைவர்களும் வாட்ச்மேன்களும் நிற்க வேண்டும் என்றாயிற்று. தேவராஜனும் தன் சிகரெட் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்து அந்த வரிசையில் நின்றார். தசரதன் வேலைக்குத் திரும்பியபோது மற்ற டிரைவர்கள் முகம் கொடுக்கவில்லை. "உன்னாலதான்யா எங்க வாய மோந்து பாக்குறானுங்க," என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். தசரதன் மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆடி மாதம் அரசாங்கம் சாராயக்கடைகளை மூடியது. ஏரிக்கரைப் பக்கம் திருட்டுத்தனமாகக் காய்ச்சியது கிடைத்தது. தீபாவளிக்கு முந்தின நாள் அவர் அங்கே போய்விட்டார். குடித்தார். வீட்டுக்கு வந்து தானே காவேரியிடம் சொன்னார். அவள் அழுதாள், மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துவிட்டு, பலகாரத்துக்குக்கூடக் காத்திராமல் திரும்பவும் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போனாள். அதன்பிறகு அவர் தொடவில்லை.

மார்கழி தொடங்கியபோது தசரதனும் ஜீவாவும் மேற்குத் தாம்பரத்தில் ஹேமந்தின் வீட்டுக்குப் போனார்கள். ஜீவாதான் போகலாம் என்றான். ஹேமந்த் படிப்பை நிறுத்திவிட்டான் என்பது தெரியும். கேட்டுக்குள்ளே நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்துச் சிரித்தான். பெயரைத்தான் உடனே சொல்ல முடியவில்லை, நாக்கு தேடியது. "பஸ் அண்ணா," என்றான் கடைசியில். இடது கை மடியில் மடங்கிக் கிடந்தது.

அவன் அம்மா வெளியே வந்தாள். ஜீவா கேட்டுக்கு வெளியே மண்ணில் விழுந்து கும்பிட்டான். அவள் அவனைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"டிரைவர்," என்றாள் தசரதனைப் பார்த்து. "நீங்க அன்னைக்கு ஓட்டிட்டு வந்ததுனாலதான் இவன் உசுரோட இருக்கான். அதை நான் மறக்கல. உங்க பையன் திருந்திட்டான்னு சொன்னாங்க. நல்லா இருக்கட்டும். படிக்கட்டும். ஆனா இனிமே இங்க வராதீங்க. உங்க பையனைப் பாக்கும்போது என் புள்ளைக்கும் இதே வயசுதானேன்னு தோணுது. என்னால முடியல."

"சரிம்மா," என்றார் தசரதன்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். ஜீவா விம்மிக்கொண்டே வந்தான். அழாதே என்று சொல்லத் தசரதனுக்கு மனம் வரவில்லை. அழ வேண்டிய விஷயம்தான் அது. படப்பை பஸ் வந்தது, நல்ல கூட்டம். மகனை முன்னால் ஏறவிட்டு, அவன் முதுகில் கையை வைத்துத் தாங்கியபடி அவரும் ஏறினார்.