அடாப்டரைச் செருகியதும்

தையற்காரியின் கைப்பேசியைப் புருஷன் சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். பிறந்த வீட்டோடு அவள் பேசக் கூடாதாம். அவள் அவனுக்குத் தெரியாமல் ஒரு ரூட்டரை வாங்கி வந்து, வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்டர்நெட் இணைப்பின் வயரைச் செருகினாள். விளக்கு பச்சையானதும், பழைய கணினியின் பக்கவாட்டில் விரல் நுனி அளவு வைஃபை அடாப்டரைப் பொருத்தினாள். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாக அடித்து, ஒருவழியாகச் சரியாக்கினாள். வீடியோ கால் போட்டதும், அடுத்த தெருவில் இருக்கும் அண்ணனின் முகம் திரையில் தெரிந்தது.

"என்னம்மா, கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் புருஷன் வந்துவிட்டான். "யாரைக் கேட்டுடி இதை மாட்டுன?" என்று கூந்தலைப் பிடித்து இழுத்து, அவள் முகத்தை மேசையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"டேய், கையை எடுடா!" என்று ஸ்பீக்கர் அலறியது.

அப்போதுதான் அவன் திரையைப் பார்த்தான். ஆத்திரத்தோடு அடாப்டரைப் பிடுங்கி எறிந்தான். அந்த ஆத்திரத்தில் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் கைக்கு எட்டிய கத்தரிக்கோலை எடுத்து அவன் தொடையில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு சரிந்தான்.

சில நிமிடங்களில் அண்ணன் ஓடிவந்து, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுண்ணா. அப்படியே போலீஸையும் வரச் சொல்லு," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.