ஓசிச் சவாரியின் விலை

அந்த மெத்தைக் கம்பெனியில் சம்பள உயர்வு என்பது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் மரியாதை. உயர்வு சிறிது, மரியாதைதான் பெரிது. மேலாளர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, உட்காரவைத்து, கதவைச் சாத்தி, பூர்வீகச் சொத்தை எழுதிவைக்கப் போகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு உறையை நீட்டுவார். நீட்டுவாரே தவிர விடமாட்டார். புத்திமதி முடிகிறவரை ஒரு முனை அவர் கையில், மறுமுனை வாங்குகிறவர் கையில். யாராவது எட்டிப் பார்த்தால் கயிறு இழுக்கும் போட்டி என்று நினைப்பார்கள்.

இந்தத் தடவை மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் புகார் அக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர யாரும் அதை உபயோகிப்பதில்லை. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது, ஸ்பிரிங் முதுகில் குத்துகிறது, புரண்டு படுத்தால் கீழே தள்ளுகிறது என்று நாள் முழுக்கத் தொலைபேசியில் அழுகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் காது. அன்று காலைகூட ஓர் அம்மாள், புது மெத்தை வந்ததிலிருந்து வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார், மாற்றித் தருவீர்களா என்று கேட்டாள். மெத்தையையா வீட்டுக்காரரையா என்று அக்கா கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

“உயர்வு வாங்கறது பெரிசில்லம்மா,” என்றார் மேலாளர். “அத என்ன பண்றோம்கறதுதான் பெரிசு. புத்திசாலித்தனமா பண்ணனும். யோசிச்சு வைங்க. நாளைக்கு கார்ல விவரமா பேசுவோம்.”

உறை கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியமும் கூடவே வந்துவிட்டது.

மேலாளருக்குச் ‘சிக்கனம்’ என்று பட்டப்பெயர். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விருது என்று நினைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அவரிடம் ஒரு கார் இருந்தது. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். கார் தானாக உருண்டு போகும். ஏ.சி.யைப் போட்டால் பெட்ரோல் குடிக்கும், ஜன்னலைத் திறந்தால் காற்று காரைப் பின்னால் இழுக்கும், ஆகவே இரண்டும் கூடாது. காலி சீட்டைச் சுமந்துகொண்டு போவது மகா பாவம் என்பது அவர் கொள்கை. அதனால் வழியில் இருக்கும் மூன்று பேரைத் தினமும் காலையில் ஓசியில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு பைசா வாங்கமாட்டார். கேட்பதெல்லாம் காதுதான்.

வயதில் மூத்தவள் என்ற மரியாதையில் முன் சீட் அக்காவுக்கு. பின் சீட்டில் கணக்கரும், பேக்கிங் பிரிவுப் பெண்ணும். கணக்கர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்குள் தூங்குவார். பேக்கிங் பெண் தலைமுடியை முன்னால் தள்ளிவிட்டு அதற்குள் இயர்போன் வைத்திருந்தாள். ஆக, ஒரு சோப்பை இரண்டாக வெட்டினால் ஏன் அதிக நாள் வரும், கிழிந்த சட்டைக்கும் தைத்த சட்டைக்கும் உள்ள தத்துவ வேறுபாடு என்ன என்பதையெல்லாம் மொத்தக் காரின் சார்பாகவும் அக்கா ஒருத்திதான் கேட்டு வந்தாள். கேட்டால் மட்டும் போதாது. சரியான இடத்தில் “அப்படிங்களா சார்” போட வேண்டும். ஒன்று தவறினாலும் அவர் அந்தப் பகுதியை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

வீட்டில் அன்று சாயங்காலம் உயர்வுக்கு ஏகப்பட்ட உரிமையாளர்கள். அக்காவின் புருஷன் குழாய் வேலை செய்கிறவர். சுவரில் துளை போடும் மெஷின் ஒன்றின் படத்தைத் தூளியில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு போன் மாற்ற வேண்டும்.

“எனக்குன்னு ஒண்ணும் வேணாம்மா,” என்றாள் மாமியார். “இருக்கற டீவில சத்தம் பத்தல. அது ஒண்ணுதான்.”

எதிர் வீட்டுக்காரர்கள் கதை வசனம் முழுக்க மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு அந்த டீவி ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது.

“நான் பஸ் பாஸ் எடுக்கப் போறேன்,” என்றாள் அக்கா.

புருஷன் படத்தைக் கீழே வைத்தார். “எந்த பஸ்ஸு?”

“நேரா போகுமே, மெத்துன்னு சீட் வச்ச பெரிய பஸ். அதுலதான்.”

“ஏண்டி, வாசல்ல வந்து நிக்குது ஓசி காரு. அத விட்டுட்டு காசு குடுத்து பஸ்ல போறியா? வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க.”

“சிரிக்கட்டும். அவங்க யாரும் அந்த முன் சீட்ல உக்காந்ததில்ல.”

“அந்த பாஸுக்கு உன் உயர்வு மொத்தமும் போயிடுமே!”

“அதுக்குத்தாங்க வந்திருக்கு.” அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். “அங்க போனா எட்டு மணி நேரம் காது கம்பெனிக்கு. இங்க வந்தா டீவிக்கு, இவ ஸ்கூல் கதைக்கு, உங்க குழாய் கசிவுக்கு. காலைல ஒரே ஒரு நேரம் சும்மா இருந்திருக்கும். அதையும் அந்த மனுஷன் எடுத்துக்கறாரு. எனக்கு யாரும் பேசாத ஒரு மணி நேரம் வேணும். அவ்வளவுதான்.”

புருஷன் அவளைப் பார்த்தார். கசிவு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட குழாய்க்காரரின் முகம் அது. மெஷின் படத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“சரி. அவருகிட்ட என்ன சொல்லுவே?”

அங்கேதான் முள். சிக்கனம் கெட்டவராக இருந்தால் வேலை சுலபம். இந்த உயர்வுக்குச் சிபாரிசு எழுதியவரே அவர்தான். போதாததற்கு, போன வருஷம் மகளுக்கு ஜுரம் என்று போன் வந்த அன்று, இறக்கத்தில்கூட இன்ஜினை அணைக்காமல் ஆஸ்பத்திரிவரை ஓட்டிக்கொண்டு போனவர். அப்பேர்ப்பட்டவரிடம் போய் ‘நீங்கள் பேசுவது தாங்கவில்லை’ என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே மறுநாள் காரில் பொய் சொன்னாள். “டாக்டர் காலைல நடக்கச் சொல்லியிருக்காரு சார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துட்டு, அப்படியே பஸ்ல வந்துடறேன்.”

“நடக்கறது ரொம்ப நல்லதும்மா,” என்ற சிக்கனம், குதிகால் தேயாமல் நடப்பது எப்படி என்று கம்பெனி வாசல்வரை விளக்கினார்.

செய்தி பின் சீட்டுக்கு எட்டியதும் அங்கே பூகம்பம். மதியம் கேன்டீனில் கணக்கர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய கண்களை அக்கா அன்றுதான் முழுதாகப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க இறங்கிட்டா முன் சீட் யாருக்கு? எனக்கு! நான் தூங்கற ஜாதி அக்கா!”

“தூங்குங்க. யாரு வேணாம்னா?”

“முன் சீட்ல எப்படி தூங்கறது? கண்ணாடிக்குள்ள எட்டிப் பாப்பாரு மனுஷன்.”

பேக்கிங் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அக்கா, ஒரு யோசனை. எங்களுக்கும் உயர்வு வந்திருக்கில்ல. ஆளுக்குப் பாதிய மாசாமாசம் உங்ககிட்ட குடுத்துடறோம். நீங்க அங்கயே உக்காந்திருங்க. போதும்.”

“பாதியா?” என்று அலறினார் கணக்கர். “வர்ற வழியில கால்வாசின்னுதானே பேசினோம்?”

அக்கா ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போனாள். தன் உயர்வும் மிச்சம், இவர்கள் உயர்விலும் பங்கு, ஓசிக் கார் வேறு. கணக்குத் தெரிந்தவர் எவரும் இதைத்தான் புத்திசாலித்தனம் என்பார்கள். துளை போடும் மெஷின், போன், பெரிய டீவி எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. டீவிக்குப் பின்னால் சிக்கனமும் நின்றார், கையில் பாதி சோப்போடு.

“வேணாம்பா. இருக்கறதே ரெண்டு காது. இதுக்கு மேல வாடகைக்கு விட இடமில்ல.”

பஸ் அவள் நினைத்ததற்கு மேல் இருந்தது. ஏறுகிறவர்கள் எல்லோரும் பாதித் தூக்கத்தில் ஏறி மீதித் தூக்கத்தை உள்ளே வந்து தூங்கினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடை திறக்கிறவன் ஷட்டரோடு மல்லுக்கட்டுவது கண்ணாடிக்கு வெளியே ஊமைப்படமாக ஓடியது. யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. அன்று கம்பெனியில் முதல் போனிலேயே ஒருவர், மெத்தையில் படுத்தால் கப்பலில் போவது மாதிரி இருக்கிறது என்றார். அக்கா சிரித்துவிட்டாள். எதிர்முனையில் அவரும் சிரித்தார். புகாரைக் கேட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

முன் சீட்டில் கணக்கர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் பழகிவிட்டிருந்தார். தூக்கத்திலேயே சரியான இடைவெளியில் பதில் சொல்லவும் பழகியதுதான் வினையாகப் போயிற்று. “எங்க பெரிய மாமா போன வாரம் தவறிட்டாருய்யா,” என்று சிக்கனம் கண்கலங்கியபோது, “பிரமாதம் சார், மாசம் எவ்வளவு மிச்சம்?” என்று கேட்டுவிட்டார். மறுநாளே தன் உயர்வை முன்பணமாகக் கட்டி ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். அடுத்து யார் என்று தெரிந்த பேக்கிங் பெண், அண்ணன் வேலைக்குப் போகும் வேனில் தன் உயர்வைக் கொடுத்து அன்று சாயங்காலமே இடம் பிடித்தாள்.

இப்படியாக, அந்த வருஷ உயர்வைக் காரில் வந்த மூன்று பேரும் மேலாளரிடமிருந்து தப்பிப்பதில் முதலீடு செய்தார்கள். அது தெரியாதவர் மேலாளர் ஒருவர்தான்.

மூன்று காலி சீட்டோடு கார் ஓட்டுவதை அவரால் எத்தனை நாள் பொறுக்க முடியும்? அடுத்த திங்கட்கிழமை அக்கா பஸ்ஸில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது, மிக அருகில் ஒரு தொண்டை செருமியது. ஆயிரம் தொண்டைகளுக்கு நடுவிலும் அவளுக்குத் தெரிந்த தொண்டை.

“கணக்குப் போட்டுப் பாத்தேம்மா,” என்றபடி சிக்கனம் பக்கத்து சீட்டில் அமர்ந்தார். “தனி ஆளா கார் எடுக்கறத விட இதான் லாபம். டயர் தேய்மானத்த எடுத்துக்குங்க...”

டயரை எடுத்துக்கொண்டார். டயரிலிருந்து பிரேக்குக்குப் போனார். அக்கா திரும்பிப் பார்த்தாள். வேறு சீட் காலி இல்லை. அவளுடைய உயர்வு, அவள் கண்ணெதிரே, வார்த்தை வார்த்தையாகக் கரைந்துகொண்டிருந்தது. தலையெழுத்து இதுதான் என்று “அப்படிங்களா சார்” சொல்ல வாயைத் திறந்தாள்.

“அதுசரி, கேக்கணும்னே இருந்தேன்,” என்றார் அவர். “உங்க உயர்வ என்ன பண்ணீங்க? சொல்லவே இல்லியே.”

வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. உண்மை வந்துவிட்டது.

“இதான் சார்.”

“எது?”

“இந்த பாஸ்தான்.”

“மொத்தமுமா?” சிக்கனத்தின் முகம், நல்ல வெயிலில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்த முகமாயிற்று. “ஓசியில காரு இருக்கும்போதா?”

“டாக்டர் சொன்னாருன்னு சொன்னது பொய் சார். கோவிச்சுக்காதீங்க. நாள் பூரா மத்தவங்க பேசறத கேக்கறதுதான் எனக்கு வேலை. வீட்டுக்குப் போனாலும் அதே வேலை. காலைல இந்த ஒரு மணி நேரமாவது காது சும்மா இருக்கணும்னு ஆசை. நீங்க குடுத்த உயர்வுல அத வாங்கியிருக்கேன் சார். யாரும் பேசாத நேரம். அதான் நான் வாங்கின சாமான்.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. அடுத்த வருஷ உயர்வு போனால் போகட்டும். ஆனால் அந்த மனிதரின் உதடு லேசாகக் கோணியதை அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்திலிருந்து குரல் வந்தது. “மாசம் முழுசுக்கும் கட்டியாச்சா?”

“கட்டியாச்சு சார்.”

“திருப்பித் தருவாங்களா?”

“மாட்டாங்க சார்.”

“அப்ப... ஏறினதுலேருந்து நான் பேசினேனே. அந்த நேரமெல்லாம்?”

அக்காவுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. “வீண்தான் சார்.”

அதுவரை மனம் புண்பட்ட மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு சொல்லில் அவர் காணாமல் போய், அந்த இடத்தில் சிக்கனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். காசு கொடுத்து வாங்கிய பொருளொன்று கண்முன்னே வீணாவதை அவர் பிறந்ததிலிருந்து அனுமதித்ததில்லை. படக்கென்று வாயை மூடினார். உள்ளே வார்த்தைகள் முட்டிக்கொண்டு கழுத்து ஏறி இறங்குவது அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பின்னால் ஓர் இளைஞன் போனில் யாரிடமோ சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தான். சிக்கனம் திரும்பினார். “தம்பி, மெதுவா,” என்று கிசுகிசுத்தார். “இவங்க காசு கட்டியிருக்காங்க.” அவன் ஒன்றும் புரியாமல், ஏதோ பெரிய இடம் போலிருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். அடுத்தபடியாக, நிறுத்தத்தின் பெயரைக் கூவ வந்த கண்டக்டரையும் ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டர் கூவாமல், நிறுத்தத்தை விரலால் காட்டிவிட்டுப் போனார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பேர்ப்பட்ட அமைதியை அந்த பஸ்ஸே அதற்கு முன் கண்டதில்லை.

கம்பெனி நிறுத்தத்தில் இறங்கினார்கள். நிறுத்தத்திலிருந்து கேட் கூப்பிடு தூரம். “பாஸ் இங்கயோட முடிஞ்சுதில்ல?” என்று கேட்டார் சிக்கனம்.

“முடிஞ்சுது சார். பேசுங்க.”

அவர் பேசவில்லை. பக்கத்தில் நடந்து வந்தார், குதிகால் தேயாமல்.

“நல்ல சாமானாத்தான் பாத்து வாங்கியிருக்கீங்கம்மா,” என்றார். இன்னும் கொஞ்சம் நடந்தார். “விலைதான் ஜாஸ்தி.”

அதற்குள் கேட் வந்துவிட்டது.