படியில்லாத ஊரின் தொலைபேசிக்காரி

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்கள் இரண்டு. முதல் தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். தொண்டைக்குள் இருக்கும் கட்டியை மட்டும் எடுப்பதற்கான சம்மதம் அது. இரண்டாவது தாள் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடிக்கு அடியில் ஒன்பது நாளாகக் கிடந்தது. உள்ளே பார்த்து, கட்டி பரவியிருந்தால் குரல் பெட்டியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. 'முழுவதுமாக' என்ற சொல்லின் மேல் ஜாடியின் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது.

"அதுல கையெழுத்து இல்லன்னா நாங்க பாதியிலேயே மூடிடணும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"மூடினா?"

"ஆறு மாசம். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

நான் டப்பிங் பேசுகிறவள். முப்பத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. கதாநாயகியின் தோழி, மாமியார், மூன்று வயதுக் குழந்தை, ஒரு தடவை கழுதை. என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் கடையில் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கென்று உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, இதன் வழியாக மூச்சு விடு என்று அனுப்பினால் வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் யார்? எனக்குப் பயமாக இருந்தது. இதில் வீரம் பேச ஒன்றுமில்லை. காலையில் பல் துலக்கும்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் கண்ணாடி முன்னால் நிற்பேன். இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். ஆறு மாசமானாலும் என் வாயால் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் நான் டப்பிங் பேசிய ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்தவர். இப்போது அவருக்குக் காது மந்தம். அவருக்குக் காது போய்விட்டது, எனக்குக் குரல் போகப்போகிறது. பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாடியை எடுப்பார், தண்ணீர் குடிப்பார், திரும்ப அதே தாளின் மேல் வைப்பார்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது மகள் வந்து நின்றாள். வீட்டில் அவள் பெயர் சுண்டு. சுண்டெலி மாதிரி சத்தமில்லாமல் நடக்கிறாள் என்று சின்ன வயதில் வைத்தது, முப்பத்து நாலு வயதாகியும் போகவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பையில் லேப்டாப்பும் அப்பாவின் பழைய ஹெட்போனுமாக வந்திருந்தாள்.

"அம்மா, 'படியில்லாத ஊர்' திரும்ப வந்திருக்கு. நெட்ல போட்டிருக்காங்க. பழைய டப்பிங்கோட."

"வரட்டும். அதுக்கென்ன இப்ப?"

"அதுலேருந்து உன் குரலை வெட்டி எடுத்து வைக்கலாம்னு பாக்கறேன். இப்ப பேசினா கரகரன்னு வருது. அதுல சுத்தமா இருக்கு."

குரல் போனவர்களுக்கு இப்போது மெஷின் இருக்கிறது, பழைய பதிவைக் கொடுத்தால் அதே குரலில் பேசும் என்று டாக்டர் ஏதோ சொல்லியிருந்தாள். மகள் அதற்குத்தான் ஏற்பாடு செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் கையெழுத்தே போடப்போவதில்லை, உன் மெஷின் எதற்கு என்று சொல்ல மனசு வரவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த வெளிநாட்டுத் தொடர் அது. மொத்தம் பதின்மூன்று பகுதிகள். ஒரு நாள் காலையில் ஊரிலிருக்கும் மாடிப்படிகள் எல்லாம் காணாமல் போய்விடும். மாடியில் இருந்தவன் மாடியிலேயே, கீழே இருந்தவன் கீழேயே. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வீட்டின் சமையலறையில் குதிரை நிற்கும், அதைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சமைப்பார்கள். வாளிக்காரன் ஒருவன் தினமும் ஒரு வாளித் தண்ணீரைத் தபால் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய் எடை போடச் சொல்லுவான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொலைபேசிக்காரி. ஜன்னல் இல்லாத அறையில், ஒயர் இல்லாத போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத்தான் நான் பேசினேன்.

"அவ ரூம்ல மட்டும் மியூசிக்கே கிடையாதும்மா. வெட்டறதுக்கு அதுதான் தோது" என்றாள் சுண்டு.

ஹெட்போனை என் காதில் மாட்டினாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய நான் பேச ஆரம்பித்தேன். உரசலே இல்லாத குரல். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு என்ன அலட்சியமாக இருந்திருக்கிறேன். இருமலோடும் ஐஸ் தண்ணீரோடும் கத்தலோடும் எத்தனை நாள்.

"உங்க மாடிப்படி கிடைச்சிடுச்சு. ரெண்டு நாளுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போங்க" என்றது அந்தக் குரல். அடுத்த அழைப்பில், "உங்க குதிரை இன்னும் சமையலறையிலதான் நிக்குது. தயவுசெஞ்சு அடுப்பை அணைச்சுடுங்க" என்றது.

அன்றைக்கு இதையெல்லாம் எப்படிச் சிரிக்காமல் பேசினேன் என்று தெரியவில்லை. பேசியபோது ஒரு எழவும் புரியவில்லை, காட்சி காட்சியாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். இப்போது பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் நம் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தைவிடப் பொறுப்பாக இருக்கிறார்கள்.

"இதை வச்சு மெஷின் பண்ணினா நான் காய்கறிக் கடையில என்னடி கேக்கறது? குதிரை கிலோ என்ன விலைன்னா?"

சுண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் கைக்குட்டையில் ஒரு சொட்டுச் சிவப்பு. அவள் பார்ப்பதற்குள் மடித்துவிட்டேன்.

"இது வந்தப்ப நான் போனையே எடுக்க மாட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவளுக்கு நாலு வயசு. சமையலறையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன், கூடத்தில் டிவிக்குள் இருந்து நான் பேசுவேன். ஓடிவந்து என் உதட்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பாள், அசைகிறதா என்று. அசையாது. பயந்து அழுவாள். போன் அடித்தால் அதற்குள்ளும் நான் இருப்பேன் என்று தொடவே மாட்டாள்.

இப்படி இரண்டு மத்தியானங்கள் போயின. இது சுத்தமாக இருக்கிறது, இதை எடு, இதில் நாற்காலி கிறீச்சிட்டது, வேண்டாம் என்று நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்குப் பயம் கொஞ்சம் அடங்கும்.

மூன்றாம் நாள் கடைசி மூன்று பகுதிகள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தாள் ஜாடிக்கு அடியில்தான் இருந்தது.

அந்த மூன்று பகுதிகளில்தான் பேர்போன 'வந்து' வருகிறது. தொலைபேசிக்காரி போனை எடுப்பாள். "வந்து..." என்பாள். "அது வந்து..." என்பாள். அவ்வளவுதான். மறுமுனையில் இருக்கிறவன் "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். பார்த்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். யார் வந்து? எங்கே வந்து? வந்தவர் அவளுடைய செத்துப்போன கணவர்தான் என்று நிரூபித்து, ஒரு கணக்கு வாத்தியார் டிவி நிலையத்துக்கு நாற்பது பக்கம் எழுதிப் போட்டார். பேச்சு தடுமாறினால் நாம் எல்லோரும் சொல்கிற அதே 'வந்து' அது, வேறொன்றுமில்லை. அந்தக் காட்சிகளில் நடிகையின் வாய் அசைந்தது, டேப்பில் அவள் சத்தம் மட்டும் இல்லை. டேப் கோளாறு என்று நினைத்தோம். "வாய் அசையுது, சத்தம் இல்லன்னா பாக்கறவன் டிவிய தட்டுவான். எதையாவது போட்டு ரொப்பும்மா" என்றார் நிலையத்திலிருந்து வந்திருந்த அதிகாரி. ரொப்பினேன். அந்த வாத்தியாருக்கு மட்டும் ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஐயா, வாய் திறந்திருந்தது, அடைத்தோம், அவ்வளவுதான்.

"டேப் கோளாறா?" என்றாள் சுண்டு. "இங்க ஒரிஜினல் ஆடியோவும் இருக்கே. மாத்திப் பாக்கட்டுமா?"

மாற்றினாள். வாளிக்காரன் பேசுவது அவன் பாஷையில் நன்றாகக் கேட்டது. அறையின் மின்விசிறி கேட்டது. தொலைபேசிக்காரி போனை எடுத்தாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் தொண்டையில் கை வைத்தாள், மறுபடி முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"கோளாறு இல்லம்மா" என்று சுண்டு மெல்லச் சொன்னாள். "அவளுக்குக் குரல் போயிடுச்சு."

பத்தாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள். அதன் மூலத்தில் அவள் கரகரத்துப் பேசினாள். எட்டில் அடிக்கடி செருமினாள். நான்தான் எல்லாவற்றையும் கணீரென்று பேசி மூடி மறைத்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் குரல் போகிற கதையை, போகவே இல்லை என்று முப்பது வருஷமாக ஊரை நம்பவைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது பக்கம் எழுதிய மனிதர் இப்போது உயிரோடு இருக்கிறாரா தெரியவில்லை. இருந்தால் காலில் விழலாம்.

சிரித்துக்கொண்டே திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த நடிகை பயந்திருந்தாள். காலையில் என் கண்ணாடியில் தெரிகிற முகம் அது. அவள் உதட்டை அசைத்து முடித்ததும் மறுமுனையில் வாளிக்காரன் தலையாட்டினான். கீழே எழுத்து ஓடியது: புரிந்தது. அவன் வாளியை நடுத்தெருவில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு, பதினோரு பகுதிகளில் முதல் தடவையாக வீட்டுக்குப் போனான். குரல் இருந்தவரைக்கும் அவள் சொன்னதை அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்து என் தலையில் சூட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. அந்த நடிகைக்குச் சம்பளம் கொடுத்தார்கள், மாலையில் அவள் சத்தமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். இருந்தாலும் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னேன். மூன்றாவது தடவை பார்த்தபோது, ஒருவேளை, என்று தோன்றியது. ஒருவேளை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒன்பது நாளில் அதுகூட எனக்குத் தோன்றியதில்லை.

"ஆமா, உன் மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கினா பேசும்?" என்று கேட்டேன். "என் கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருசா இருக்குமா?"

சுண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கேக்கறேன்ல."

"மெஷின் எதுவும் வாங்கலம்மா."

"ஆபரேஷன் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்னா?"

"இல்ல." ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்தாள். "இது எனக்கு."

எனக்குப் புரியவில்லை.

"நீ கையெழுத்து போட மாட்டேன்னு அப்பா சொன்னார். ஜாடியை எடுக்கும்போதெல்லாம் பாக்கறாராம். நாப்பது வருஷமா அவ மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன், போட மாட்டாள்னு போன்ல அழுதார். எனக்கும் தெரியும். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு பயம்மா. அதான், அப்புறமா கேக்கறதுக்கு."

அப்புறமா. அந்தச் சொல்லை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்று மத்தியானமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் சாவுக்கு வேண்டியதை என் பிள்ளை எடுத்து வைத்திருக்கிறாள். நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, இது சுத்தமா இருக்கு, இதை எடு என்று உதவி செய்திருக்கிறேன். மாடிப்படியும் குதிரையும் பற்றிப் பேசுகிற ஒரு குரலை, நான் இல்லாத வீட்டில் இவள் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதில் அவள் பெயர்கூட ஒரு தடவையும் வராது.

அதுவரை நான் பயந்தது எனக்காக. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த பயம் வேறு.

எழுந்து போய் ஜாடியை நகர்த்தினேன். தாள் மேஜையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழியாமல் உரித்து எடுத்து, அவள் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டேன். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது. என் கையெழுத்து மாதிரியே இல்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போலக் கோணிக்கொண்டு இருந்தது. கீழே உறவினர் என்று ஒரு கோடு இருந்தது. தாளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவைப் பிடிக்க இரண்டு தடவை முயன்றாள்.

"அம்மா, எனக்காகப் போட்டியா?"

"பின்ன, வாளிக்காரனுக்காகவா?"

அவள் சிரிக்கவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நாலு வயதில் அழுத மாதிரி அழுதாள். கையெழுத்துப் போட்டதால் என் பயம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கூடியது. காலை ஆறு மணி, கழுத்தில் ஓட்டை, கண்ணாடி, எல்லாம் அப்படியேதான் இருந்தன. வெளியே இன்னும் வெயில் இருந்தது.

"பேசும்மா" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எதையாவது பேசிட்டே இரு."

பேசினேன். அவள் முடியை எண்ணெய் காணாமல் விட்டிருப்பதைத் திட்டினேன். அவள் பிறந்த அன்று பெய்த மழையைச் சொன்னேன். என் மாமியார் செய்த கொடுமைகளை, பாதியை மிகைப்படுத்தி, அவர் குரலிலேயே சொன்னேன். தொண்டை எரிந்தது, நடுநடுவே குரல் காற்றாகப் போனது. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். ஹெட்போன் மேஜையில் கிடந்தது. லேப்டாப்பை மூடிவிட்டிருந்தாள். பொழுது சாயும்வரை நான் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் பதிவு செய்யவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.