கைக்கு ஒரு கட்டம்

பிஸ்கட் ஆலையில் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவின் வலது கையை, உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டர் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு உலோகம் என்று சொல்லித் தள்ளியது. கையில் வளையல் இல்லை, மோதிரம் இல்லை. சிக்கிய பாக்கெட்டை எடுக்கத்தான் விட்டாள். மணி அடித்தது, குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதிக் கையை ஒதுக்கியது, பெல்ட் நின்றது. அன்றைக்கு மாவு நாற்பது மூட்டை இறங்கியிருந்தது.

மூன்று வாரம் முன்புவரை அவள் பாக்கெட் அடுக்குகிறவள் இல்லை. அவளும் ஒன்றரை வயது இளைய தங்கையும் ஆளுக்கொரு ஷிப்டாக அந்த டிடெக்டரைச் சோதிக்கிறவர்கள். வேலை சின்னது, விளையாட்டில்லை. மணிக்கொரு தரம், பிளாஸ்டிக் அட்டையில் பதித்த மூன்று குண்டுகளை, இரும்பு, பித்தளை, எவர்சில்வர், ஒவ்வொன்றாகப் பாக்கெட்டோடு அனுப்ப வேண்டும். ஓரத்தில் விட்டால் எந்த டிடெக்டரும் அடிக்கும். நடுவில்தான் அதற்குக் காது மந்தம், அதனால் நடுவில் விட வேண்டும். அந்தப் பாக்கெட் பூட்டிய பெட்டிக்குள் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ரிஜிஸ்டரில் கையெழுத்து. ஒரு குண்டு அடிக்காமல் தாண்டிவிட்டால், கடைசியாகச் சரியாக அடித்த நேரத்திலிருந்து வந்த பாக்கெட் அத்தனையையும் நிறுத்தி மறுபடி சோதிக்க வேண்டும். அக்கா இதில் இம்மி பிசகமாட்டாள்.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறி வந்த அக்கா விட்ட எவர்சில்வர் குண்டு சத்தமே இல்லாமல் தாண்டிப்போனது. ரிஜிஸ்டரில் ஒரு மணிக்குச் சரி என்று தங்கை கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு மணி நேரத்துப் பாக்கெட்டை நிறுத்தினார்கள். மற்றதெல்லாம் லாரியில் போயிற்று. தங்கை காலை ஆறு மணிக்கே டீயைக் குடித்துக்கொண்டு எட்டுக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பது யாருக்குத் தெரியும்? மாவுச் சல்லடையில் அறுந்து, அந்தப் பாக்கெட் ஒன்றில் போன கம்பித்துண்டு ஏழு வயதுப் பெண்ணின் தொண்டையைக் கிழித்தது. பிழைத்துக்கொண்டாள், பேச்சு வர ஒரு மாதம் ஆனது.

விசாரணையில் தங்கை நாக்கில் நரம்பில்லாமல் சொன்னாள். "அக்காதான் சார் மொத்தமா போட்டு வைன்னு சொல்லுச்சு. அதுவும் அப்படித்தான் பண்ணும்." அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி?" என்று மட்டும் கேட்டாள். தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அக்காவின் பக்கங்களைப் புரட்டினார். கையெழுத்தெல்லாம் அச்சடித்தது போல ஒரே சீராக இருந்தது. ஒரே மூச்சில் போட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். ஒழுங்காக இருந்ததே அவளுக்கு வினையாகிவிட்டது. அக்காவைப் பாக்கெட் அடுக்க அனுப்பினார்கள், உண்மையை ஒப்புக்கொண்டவள் என்று தங்கைக்கு அதே வேலை தங்கியது. கூடப் பிறந்தவள் இப்படிச் செய்வாளா என்று கேட்காதீர்கள், செய்தாள். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வியாழக்கிழமை கைக்கு மணி அடித்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை. இயந்திரக் கம்பெனியின் இன்ஜினியர் வந்து இரண்டு நாள் அளந்தார். விரல் இரண்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் குண்டுக்குச் சமம், முழங்கை ஐந்துக்கு. நெஞ்சுப் பக்கம் போகப் போக ஏறுகிறது, தோளுக்கு மேல் டிடெக்டரின் வாய் பத்தவில்லை, இயந்திரத்தில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் காரியக்காரர். குண்டு தொலையும், இது தானாக நடந்து வரும் என்று ரிஜிஸ்டரில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டார்: கை. மணிக்கொரு தரம் தங்கை குண்டுகளை விடுவாள், பிறகு அக்கா கையை விடுவாள், மணி அடிக்கும். ரிஜிஸ்டர் தங்கையிடம், அதைத் தொட அக்காவுக்கு அனுமதி கிடையாது.

பதினாறு வருடம். ஆண்டுக்கொரு முறை இன்ஜினியர் வந்து, குறையவில்லை என்று சான்றிதழ் ஒட்டிவிட்டுப் போவார். தங்கைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது நாலு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தது அக்காதான். ஐந்தாம் நாள் வந்து கையை விட்டாள், அடித்தது. தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள், மறுநாளும் அடித்தது. ஒவ்வொரு முறையும் இன்றைக்கு அடிக்காது என்று நினைத்துத்தான் கையை விடுவாளாம். பின்னால் அவளே சொன்னாள்.

அக்கா ஓய்வு பெறும் நாளில், கடைசிப் பக்கத்தில் நீயும் ஒரு கையெழுத்துப் போடு என்று புது மேனேஜர் ரிஜிஸ்டரை அவளிடம் கொடுத்தார். மணி பன்னிரண்டரை. ஒரு மணிக் கட்டத்தில் குண்டுகளுக்கு நேரே காலியாக இருந்தது. கைக்கு நேரே மட்டும் சரி என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. அக்கா பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். குண்டுகளின் கையெழுத்து மணிக்கு மணி கோணியிருந்தது, பதினாறு வருடமும் கைக்கட்டம் மட்டும் காலையிலேயே ஒரே மூச்சில் நிரம்பியிருந்தது.

"குண்டெல்லாம் ஒழுங்காத்தான்க்கா விடறேன், சத்தியமா," என்றாள் தங்கை. "உன் கை மட்டுந்தான்."

"ஒரு நாள் அடிக்காம போயிருந்தா?"

"போகாதுன்னு தெரியும்க்கா."

அக்கா ரிஜிஸ்டரைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தாள். ஒரு மணிக்குக் குண்டுகள் போயின. அக்கா கையை விட்டாள், நடுவில். மணி எப்போதும் போலத்தான் அடித்தது. தங்கை காலையில் எழுதியதை அடித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட்டு, கை சரி என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நாளைக்கும் வருவேன்," என்று அக்கா தொப்பியைக் கழற்றி மாட்டினாள்.

வருகிறாள். வாசலில் யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. தினமும் ஒரு மணிக்குக் கையை விடுகிறாள். மணி அடிக்கும்வரை தங்கை பேனாவின் மூடியைத் திறப்பதில்லை.